பழைய கனரக லாரியில் கிளட்ச் கோளாறு: கியர் பாக்ஸை இறக்கும் முன் என்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில்?

"கிளட்ச் போயிட்டு, பிளேட் மாத்தணும்" என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பழைய லாரிகளில் பலவற்றில், எஞ்சின் ஓட்டத்தைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் அந்த பிளேட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் கிழிந்திருக்கும். ஹோஸ் உள்ளுக்குள் பிரிந்து கிடக்கும். மிதியை ராடோடு இணைக்கும் பின் (ஆணி) தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கும். அதைப் பார்க்காமல் கியர் பாக்ஸை இறக்கினால் கூலி போகும், வண்டி நிற்கும் நாட்களின் வாடகை போகும், புது பிளேட் போட்ட பிறகும் பழைய கோளாறு அப்படியே இருக்கும்.

ஐடிஐ முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகள் திணறுவது திறமைக் குறைவால் அல்ல, வரிசை தெரியாததால். எளிதாகப் பார்க்கக்கூடியதை முதலில், செலவும் பாடும் அதிகமானதைக் கடைசியில் என்று போனால் பெரும்பாலான கோளாறு பாதி வழியிலேயே பிடிபட்டுவிடும்.

இங்கே சொல்வது ஆறு சக்கரம் முதல் பன்னிரண்டு சக்கரம் வரையிலான பழைய டாடா, அசோக் லேலண்ட் லாரிகளுக்கும் டிப்பர்களுக்கும் பொருந்தும். ஆயிலில் இயங்கும் மிதி, சிலவற்றில் அதற்குத் துணையாகக் காற்று பூஸ்டர், மிகப் பழைய வண்டிகளில் வெறும் ராடு லிங்கேஜ். மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) பக்கமாகத் தள்ளும் வகை கிளட்ச். அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும். நான் தரும் எண்கள் பொதுவானவை, உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே இறுதி.

1. தொடங்கும் முன்

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. கிளட்ச் சரியாக விடாத வண்டி கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொட்டால் துள்ளும். அடியில் ஆள் இருக்கும்போது சாவி டிரைவர் சீட்டில் இருக்கக் கூடாது, அடியில் இருப்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

தேவையானவை அதிகமில்லை: ஸ்டீல் ஸ்கேல், டார்ச், சாக்பீஸ், பிளீடிங் (ஆயில் லைனிலுள்ள காற்றை வெளியேற்றுவது) செய்யத் தெளிவான பிளாஸ்டிக் டியூபும் பாட்டிலும், மூடி பிரிக்காத டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் (மாஸ்டர் மூடியில் எது போட்டிருக்கிறதோ அது), மிதியை அமுக்க ஒரு கூட்டாள். டாக்கோமீட்டர் வேலை செய்தால் நல்லது. பழைய வண்டியில் பெரும்பாலும் செய்யாது, அப்போது காதுதான் மீட்டர்.

நம் குமரி மாவட்டக் கடலோரத்தில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மீன் லோடு ஓடும் வண்டியானால் முந்தின நாளே பிளீடிங் நிப்பிளிலும் லிங்கேஜ் பின்களிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். உப்புக் காற்றில் நிப்பிள் இறுகிப் போயிருக்கும். அவசரப்பட்டுத் திருகினால் முறிந்து, ஐந்து நிமிட வேலை சிலிண்டரையே மாற்றும் வேலையாகிவிடும்.

2. டிரைவரிடம் பேசுங்கள், கிளட்ச் என்ற சொல்லே வராமல்

"கிளட்சில் என்ன கோளாறு?" என்று கேட்டால் அவர் முடிவைச் சொல்வார், அறிகுறியைச் சொல்ல மாட்டார். "வண்டி என்ன செய்யுது?" என்று கேளுங்கள்.

"லோடோட மேடு ஏறும்போ எஞ்சின் மட்டும் கத்துது அண்ணே, வண்டி நவுர மாட்டேங்கு."

"காலையில எடுக்கும்போதே அப்படியா, ஓடி சூடான பெறவா?"

"காலையில ஒண்ணும் இல்ல. மார்த்தாண்டம் தாண்டுனா தான்."

இந்த இரண்டு வரியிலேயே பாதி நோய் தெரிகிறது. குளிர்ந்திருக்கும்போது பிடித்து, சூடான பின் வழுக்கும் கிளட்ச் என்றால் தேய்ந்த பிளேட்டும் இருக்கலாம். ஆனால் ஆயில் லைனில் அழுத்தம் தங்கி நிற்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஐந்தாம் படியில் அதற்கான சோதனை உண்டு.

கேட்க வேண்டிய மற்றவை: கோளாறு திடீரென வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? மெல்ல வந்தால் தேய்மானம். திடீரென வந்தால் ஏதோ உடைந்தது, கிழிந்தது அல்லது கழன்றது. கடைசியாக எப்போது கிளட்ச் மாற்றினார்கள், அப்போது ஃப்ளைவீலைக் கடைந்தார்களா? சமீபத்தில் ஆயில் ஊற்றியது யார், என்ன ஆயில்? மழைக்காலத்தில் வண்டி வாரக்கணக்கில் நின்றதா? புது டிரைவர் மாறினாரா?

கடைசிக் கேள்வி யாரையும் குறை சொல்ல அல்ல. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகும் தேசிய நெடுஞ்சாலை 66-இல் நெரிசல் நேரத்தில் லோடு வண்டி ஓட்டினால் நல்ல டிரைவரும் அரை கிளட்சில்தான் ஊர வேண்டியிருக்கும். மேட்டில் பிரேக்குக்குப் பதில் அரை கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிப்பது, லோடோடு இரண்டாம் கியரில் எடுப்பது, ஓடும்போது மிதிமேல் காலை வைத்தே இருப்பது ஆகிய மூன்று பழக்கமும் பிளேட்டைத் தின்றுவிடும். காரணம் இதுதான் என்று தெரிந்தால் புது பிளேட் போடும்போதே பேசித் தீர்க்கலாம்.

3. கோளாறுக்கு ஒரு வகை சொல்லுங்கள்

எல்லாக் கிளட்ச் புகாரும் நான்கில் ஒன்றுக்குள் வரும். பிடிக்கவில்லை: எஞ்சின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. விடவில்லை: மிதித்தும் கியர் நறநறக்கிறது. உதறுகிறது: வண்டி எடுக்கும்போது நடுங்குகிறது. சத்தம் போடுகிறது.

இதை ஏன் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும் என்றால், பிடிக்காததற்கும் விடாததற்கும் மருந்து நேர் எதிர். விடாத கிளட்சுக்கு மிதியின் ஆட்டத்தைக் குறைப்போம். பிடிக்காத கிளட்சுக்கு அதே வேலையைச் செய்தால் இருக்கிற பிடியும் போகும். புதிதாக வருபவர்கள் 'கிளட்ச் சரியில்லை' என்றதும் ஸ்பேனரோடு அட்ஜஸ்ட்மென்ட் நட்டுக்குப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். வகை தெரியாமல் அந்த நட்டைத் தொடாதீர்கள்.

4. மிதியைக் கையால் பாருங்கள்

காலால் அல்ல, கையால். காலுக்குச் சில மில்லிமீட்டர் ஆட்டம் தெரியாது. மிதியை விரலால் மெல்ல அமுக்கி, எதிர்ப்பு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேலில் அளங்கள்.

ராடு லிங்கேஜ் வண்டியில் மிதியின் முனையில் பொதுவாக 25 முதல் 40 மில்லிமீட்டர் வெற்று ஆட்டம் இருக்கும். பிளேட் தேயத் தேய, அதை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டின் ஃபிங்கர்கள் (விரல் போன்ற நெம்புகள்) ரிலீஸ் பேரிங் பக்கம் நகரும், அதனால் இந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும். ஆட்டமே இல்லையென்றால் பேரிங் எப்போதும் ஃபிங்கர்மேல் அழுந்தியிருக்கிறது என்று பொருள். கிளட்ச் வழுக்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும். அட்ஜஸ்ட் செய்யத் திருகு மிச்சமிருந்தால் முதலில் அதைச் செய்து ஓட்டிப் பாருங்கள்.

ஆயில் மிதியில் பார்க்க வேண்டியது மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி. ஒரு மில்லிமீட்டர் அளவு இருந்தால் போதும், ஆனால் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுவதும் பின்னால் வராது, ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும்.

மிதிக்கு அடியில் கிடக்கும் மேட் என்ற கால்விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். இரண்டு மேட் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மிதி முழுதும் போகாமல், 'விட மாட்டேங்கு' என்று வந்த வண்டிகள் உண்டு. மிதியின் புஷ், கிளெவிஸ் பின் தேய்ந்திருந்தால் மிதி போகும் தூரத்தில் ஒரு பங்கு அங்கேயே வீணாகும். பின்னைக் கழற்றி விரலால் தடவினால் படி விழுந்திருப்பது தெரியும்.

5. ஆயிலும் காற்றும்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலேயே முடியக்கூடிய கோளாறுகளில் பெரும்பகுதி இந்தப் படியில்தான் அகப்படும்.

முதலில் மட்டம். பிரேக்கில் லைனிங் தேய்ந்தால் ஆயில் மட்டம் இறங்கும். கிளட்சில் தேய்மானத்தால் மட்டம் இறங்காது. இறங்கியிருக்கிறது என்றால் கசிவுதான், ஊற்றி நிரப்பிவிட்டு அனுப்பக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் கேபினுக்குள் புஷ் ராடு வழியாக ஒழுகி மேட் நனைந்திருக்கும். கிளட்ச் பக்கம் ராடைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. சேஸிஸில் உரசும் இடங்களில் பைப்பைக் கையால் தடவிக்கொண்டே போங்கள்.

ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். கறுத்து, அடியில் மண்டி படிந்திருந்தால் உள்ளே ரப்பர் கரைகிறது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டீசல் என்று யாராவது ஊற்றியிருந்தால் ரப்பர் ஊதிப்போயிருக்கும். அப்படியானால் பிளீடிங் மட்டும் செய்து தப்பிக்க முடியாது. பைப்பைக் கழுவி, எல்லா ரப்பர்களையும் ஹோஸையும் மாற்றத்தான் வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் பாதி திறந்து கிடந்த பாட்டிலை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான அளவு. எஞ்சின் அணைந்திருக்கட்டும், காற்றுத் தொட்டி நிரம்பியிருக்கட்டும். ஸ்லேவ் அல்லது பூஸ்டரின் புஷ் ராடில் சாக்பீஸால் கோடு போடுங்கள். "மக்கா, மெதுவா முழுசும் அமுக்கிப் பிடி" என்று கூட்டாளிடம் சொல்லிவிட்டு, கோடு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலில் அளங்கள். கையேட்டில் அந்த ஓட்டம் இருக்கும். கையேடு இல்லையென்றால் அதே மாடலில் நன்றாக ஓடும் வண்டியை அளந்து ஒப்பிடுங்கள்.

இந்த ஓட்டம்தான் எல்லைக்கோடு. கிளட்ச் விடவில்லை, ராடின் ஓட்டமும் குறைவு என்றால் கோளாறு வெளியே. ஓட்டம் முழுதாக இருந்தும் விடவில்லை என்றால் கோளாறு கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள்ளே. இதை அளக்காமல் கியர் பாக்ஸ் போல்ட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

ஓட்டம் குறைவாக இருந்தால் மிதியை வேகமாக நாலைந்து முறை அடித்துவிட்டு மறுபடி அளங்கள். ஓட்டம் கூடினால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் ரப்பர் தேய்ந்திருக்கிறது. பிளீடிங் செய்யுங்கள். பிறகும் தேறவில்லையென்றால் மிதியை அமுக்கியபடியே ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லி, கோட்டையே பார்த்துக்கொண்டிருங்கள். மிதி கீழேயே இருக்க, ராடு மெல்லப் பின்வாங்கினால் மாஸ்டருக்குள் ஆயில் ரப்பரைத் தாண்டித் திரும்புகிறது. வெளியே ஒரு சொட்டும் கசியாது. அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். சிக்னலில் மிதித்துக்கொண்டு நிற்கும்போது வண்டி தானாக ஊரத் தொடங்குகிறது என்று டிரைவர் சொன்னால் அது பெரும்பாலும் இதுவே.

ரப்பர் ஹோஸை மிதிக்கும்போது கையால் பிடித்துப் பாருங்கள். கையில் உப்புவது தெரிந்தால் மாற்ற வேண்டும். பழைய ஹோஸில் இன்னொரு கள்ளத்தனம் உண்டு: உள்சுவர் பிரிந்து ஒருவழிக் கதவு போல ஆகிவிடும். ஆயில் போகும், திரும்ப வராது. மிதித்தால் விடும், காலை எடுத்தால் உடனே பிடிக்காது.

இனி வழுக்கும் கிளட்சுக்கான சோதனை. வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போதே, மிதியில் காலே வைக்காமல், பிளீடிங் நிப்பிளை மெல்லத் தளர்த்துங்கள். முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் சொட்டினால் சரி. பீய்ச்சி அடித்து, ஸ்லேவ் ராடும் பின்னால் போனால், லைனில் அழுத்தம் தங்கியிருந்தது. மாஸ்டரின் திரும்பும் துளை அடைப்பு, புஷ் ராடில் இடைவெளி இல்லாமை, கெட்டுப்போன ஹோஸ் ஆகிய மூன்றில் ஒன்று காரணம். பிளேட்மேல் பழி போடும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

பூஸ்டர் உள்ள வண்டியில் மிதி திடீரெனக் கல்லாக இறுகினால் முதலில் காற்று மீட்டரைப் பாருங்கள். அழுத்தம் முழுதாக ஏறியும் மிதி கனமாக இருந்தால் பூஸ்டருக்குக் காற்று வருகிறதா என்று யூனியனைத் தளர்த்திப் பாருங்கள். மிதித்து விடும்போது 'புஸ்' என்று ஒரு முறை காற்று வெளியேறுவது இயல்பு. மிதிக்காதபோதும் காற்று கசிந்துகொண்டே இருந்தால் வால்வு மூடவில்லை. காற்றுத் துளை வழியாக பிரேக் ஆயில் வந்தால் உள் சீல் கிழிந்துவிட்டது, தொட்டியில் ஆயில் மாயமாகக் குறைவதற்கும் காரணம் அதுவே. பூஸ்டர் பிஸ்டன் துருவில் சிக்கி முழுதாகத் திரும்பாமல் போனாலும் கிளட்ச் வழுக்கும்.

6. லிங்கேஜும் ஃபோர்க்கும்

ராடின் ஓட்டம் சரி, ஆனால் அது தள்ளும் கிளட்ச் கையும் (வெளியே தெரியும் நெம்பு) அதே அளவு நகர்கிறதா? கிளட்ச் ஷாஃப்ட்டில் கையைப் பூட்டும் சாவித் துண்டு அறுந்தாலோ, ஷாஃப்ட் புஷ் தேய்ந்தாலோ கை அசையும், உள்ளே ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் அசையாது. கிளட்ச் கையை மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். முன்பின் தவிர வேறு திசையில் ஆட்டம் இருக்கக் கூடாது. திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் உள்ள வண்டியில் அது இடத்தில் இருக்கிறதா, இழுக்கும் தெம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. விடாத கிளட்ச்: நின்ற இடத்தில் சோதனை

முதலில் ஐடிலைக் கவனியுங்கள். ஐடில் அதிகமாக இருந்தால் நல்ல கிளட்சும் கியர் போடும்போது இரையும். அதைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது.

எஞ்சின் ஐடிலில், நியூட்ரலில், மிதியை முழுதாக அமுக்கி மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், பெரும்பாலான பழைய கியர் பெட்டிகளில் அதற்கு சின்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பாகம்) கிடையாது, பல்லின் வேகத்தை மறைக்க ஒன்றும் இல்லை. சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் விடுகிறது. நறநறத்தால் விடவில்லை.

ரிவர்ஸ் ஒழுங்காக விழுகிறது, மூன்றாம் கியர் மட்டும் அடிக்கிறது என்றால் அது கிளட்ச் அல்ல, சின்க்ரோ. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் கிளட்ச் செட் வாங்கிப் போட்ட உரிமையாளர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் ரப்பர் எஸ்டேட்டுக்குள் வாரக்கணக்கில் நின்றுவிட்டு வரும் வண்டிக்கு மட்டும் தனிக் குறிப்பு. மிதி சரியாக இருக்கும், ராடின் ஓட்டம் முழுதாக இருக்கும், ஆனால் கிளட்ச் ஒரு இம்மியும் விடாது. பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். எஞ்சினைச் சூடாக்கி அணையுங்கள். முன்னால் நீண்ட வெற்றிடம் இருக்கட்டும். டாப் கியர், பிரேக் முழுதும், கிளட்ச் முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஓரிரு நொடி மட்டும் தட்டுங்கள். விட்டால் சரி. ஒன்றிரண்டு முறையில் விடாவிட்டால் ஸ்டார்ட்டரை வதைக்காமல் இறக்கிவிடுங்கள்.

8. வழுக்கும் கிளட்ச்: ரோட்டில் சோதனை

இழுவை இல்லாததும் வழுக்குவதும் ஒன்றல்ல. டாப் கியரில் கிளட்ச் பிடித்திருக்கும்வரை எஞ்சின் சுற்றும் சக்கரத்தின் சுற்றும் பூட்டியவை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்கல். சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டர்போ பக்கம் போங்கள். நிறுத்தியதும் பிரேக் டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். ஒரு சக்கரம் மட்டும் தகித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கே ஓட்டிப் பார்ப்பது? லோடோடு, குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை பக்கம் போகும் மேடு போன்ற இடம் நல்லது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சோதிக்காதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் குவிந்து வீசும், முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். காவல்கிணறு பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு வரும் லாரிக்கு அது முகத்தில் அடிக்கும் காற்று. தார்ப்பாய் கட்டிய உயரமான லோடு இருந்தால் நல்ல வண்டியே திணறும், கிளட்சைச் சந்தேகப்பட வைக்கும்.

சமதளத்தில் லோடில்லாமல் பார்க்க வேண்டிய நிலை என்றால்: சக்கரத்துக்குக் கட்டை, பிரேக் முழுதும், டாப் கியர், எஞ்சினைச் சற்று உயர்த்தி, மிதியைச் சீராக விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. உடனே மிதித்துவிடுங்கள். ஒரே ஒரு முறைதான். மறுபடி மறுபடி செய்தால் அந்தச் சூட்டில் நல்ல பிளேட்டும் கருகும்.

9. சத்தத்தைக் கேட்பது

ஐடிலில், நியூட்ரலில், கேபினை அமைதியாக்கிவிட்டுச் செய்யுங்கள்.

மிதிக்காதபோது சத்தம் இருந்து, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால் அந்த ஷாஃப்ட் நிற்கிறது, சத்தமும் நிற்கிறது. மிதியை லேசாகத் தொட்டதும் கிறீச்சென்று தொடங்கினால் ரிலீஸ் பேரிங். கியரில் போட்டு முழுதாக மிதித்து நிற்கும்போது மட்டும் ஊளையிட்டால் ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் ஸ்பிகாட் பேரிங். எஞ்சின் சுற்ற, ஷாஃப்ட் நிற்கும் அந்த நேரத்தில் மட்டுமே அதற்கு வேலை. அது இறுகிப்போனால் சத்தத்தோடு கிளட்சும் விடாது, ஏனென்றால் எஞ்சின் ஷாஃப்ட்டை நேரடியாக இழுத்துச் சுற்றும்.

10. உதறல்

உதறலுக்கு உடனே கியர் பாக்ஸை இறக்குவது வீண் செலவாகவே முடியும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர், கியர் பாக்ஸ் மவுண்டிங், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், சென்டர் பேரிங், பின்பக்க ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட் ஆகியவற்றை ஒரு கடப்பாறையால் நெம்பிப் பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் இறுக்கமாக இருந்து, இரண்டாம் படியில் கேட்டபோது கிளட்ச் வேலைக்குப் பிறகுதான் உதறல் வந்தது என்று தெரிந்தால், பிளேட்டில் ஆயில், வளைந்த பிளேட், கடையாமல் விட்ட ஃப்ளைவீல் என்ற பக்கம் யோசிக்கலாம்.

11. இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

கியர் பாக்ஸ் நூறு கிலோவை நன்றாகத் தாண்டும். அதற்கான ஜாக் இல்லாமல் கயிறும் ஆள் பலமும் வைத்து இறக்காதீர்கள். போல்ட்டுகள் கழன்ற பிறகு பெட்டியின் எடை பிளேட்டின் ஹப்பில் (நடுப்பகுதியில்) தொங்கினால், கிளட்ச் விடாமல் போக அது ஒன்றே போதும்.

திறந்ததும் துடைக்காதீர்கள். முதலில் பாருங்கள், ஃபோனில் படம் எடுங்கள். அழுக்குதான் சாட்சி. கறுத்து மெல்லிய ஆயில் என்றால் கிராங்கின் பின் சீல். கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் கியர் பாக்ஸ் முன் சீல். துடைத்துவிட்டால் எந்த சீலை மாற்றுவது என்று தெரியாது, புது பிளேட்டும் அதே ஆயிலில் நனையும்.

தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அது நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. முகமூடி கட்டிக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். பக்கத்தில் நிற்கும் பையன்களையும் விலகச் சொல்லுங்கள்.

பிளேட்டில் ரிவெட் தலை லைனிங் மட்டத்திலிருந்து எவ்வளவு உள்ளே என்று பாருங்கள். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். சுருள் ஸ்பிரிங்குகள் கையால் ஆட்டினால் ஆடக் கூடாது. ஹப்பைச் சுற்றி விரிசல் இருந்தால் பெட்டியை ஏற்றியபோது யாரோ எடையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அல்லது பெல் ஹவுசிங் நேராக உட்காரவில்லை.

பிளேட்டை ஷாஃப்ட்டின் ஸ்பிளைனில் (நீளவாக்கில் வெட்டிய பற்களில்) போட்டு விரலால் தள்ளுங்கள். கடைசிவரை தடையில்லாமல் ஓட வேண்டும். படி விழுந்த ஸ்பிளைனில் பிளேட் மாட்டிக்கொள்ளும். ராடின் ஓட்டம் முழுதாக இருந்தும் விடாத வண்டிகளில் இதையும் ஸ்பிகாட் பேரிங்கையும் முதலில் பார்க்கிறேன்.

ஃப்ளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் நீலப் புள்ளிகள் இருந்தால் சூடு ஏறியிருக்கிறது. மெல்லிய முடி விரிசல் கடையும்போது போய்விடலாம், ஆழமான விரிசலோடு போடக் கூடாது. ஃபிங்கர்களின் முனைகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் கவரை மாற்றுங்கள்.

ரிலீஸ் பேரிங்கை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். அதற்குள் அடைத்த கிரீஸ் கரைந்துவிடும், சில நாளில் கத்தும். ஸ்பிகாட் பேரிங் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். விலை சொற்பம், அதற்காக மறுபடி பெட்டியை இறக்கும் கூலி அப்படியல்ல.

12. திரும்ப ஏற்றும்போது

பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பொறித்திருக்கும். திருப்பிப் போட்டால் ஹப் ஃப்ளைவீல் போல்ட்டில் உரசும், கிளட்ச் விடாது. வாங்கும்போதே பழைய பிளேட்டைக் கையில் கொண்டுபோய் விட்டத்தையும் ஸ்பிளைன் பற்களையும் ஒப்பிட்டு வாங்குங்கள். 352, 380, 395 மில்லிமீட்டர் எனப் பல அளவுகள் உண்டு. எஞ்சின் மாற்றிய பழைய வண்டியில் ஆர்சி புத்தகத்தில் உள்ள மாடலை நம்பி வாங்கினால் பொருந்தாது.

ஸ்பிளைனில் கிரீஸை விரலால் மெல்லிய பூச்சாகத் தடவி, வழிவதைத் துடைத்துவிடுங்கள். அதிகமானால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் போய் ஒட்டும். டம்மி ஷாஃப்ட்டால் பிளேட்டை நடுவில் நிறுத்தி, கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் கவர் வளைந்து உதறல் வரும். பெல் ஹவுசிங்கில் இரண்டு நீண்ட ஸ்டட் போட்டு, அதன்மேல் பெட்டியை வழுக்கிக் கொண்டுபோங்கள். கடைசி ஓரங்குலம் போகவில்லையென்றால் போல்ட் போட்டு இழுக்காதீர்கள். டாப் கியரில் போட்டு, பின்பக்க ஃபிளாஞ்சை மெல்லத் திருப்பினால் பற்கள் சேர்ந்து தானாக உட்காரும்.

வேலை முடிந்ததும் மிதியின் ஆட்டத்தையும் ஸ்லேவ் ராடின் ஓட்டத்தையும் அளந்து, தேதியோடு டிரைவர் பக்கக் கதவின் உட்புறம் பெயிண்டால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை வண்டி எந்த ஊரில் நின்றாலும் அங்குள்ள மெக்கானிக்குக் கையேடு தேட வேண்டியிருக்காது.

முதல் சில நாட்கள் முழு லோடும் செங்குத்தான மேடும் வேண்டாம் என்று டிரைவரிடமும் உரிமையாளரிடமும் சொல்லுங்கள். லைனிங் ஃப்ளைவீலோடு முழுப் பரப்பும் படிய அந்த அவகாசம் வேண்டும். ஒரு வாரம் கழித்து வண்டியை வரச்சொல்லி ஆட்டத்தை மறுபடி அளங்கள். படியும்போது அது சற்றே குறையும், குறைந்த அளவுக்கு ராடைத் திருகிச் சரிசெய்து லாக் நட்டை இறுக்குங்கள்.